நம் ஊர்ப் பெயருக்கு யார் மொய் எழுதுவது?

திருவொற்றியூரைப் பற்றி வந்த நூல்களை ஒருவர் கணினியில் தேடுகிறார் என்று வையுங்கள். எந்தப் பெயரைத் தட்டுவார்? ஆங்கிலத்தில் ‘திருவொட்டியூர்’ என்றும் எழுதுகிறார்கள், ‘திருவொட்ரியூர்’ என்றும் எழுதுகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்து ஏடுகளில் அதுவே ‘ட்ரிவட்டோர்’. 1856-லேயே ரயில் நிலையம் கண்ட ராயபுரத்துக்குத் தமிழிலேயே இரண்டு உருவம்: ஒரு நூலில் ‘ரா’, இன்னொன்றில் ‘இரா’. நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஊர். கணினிக்கு வெவ்வேறு ஊர். ஒன்றைத் தட்டினால் மற்றது வராது.

நூலகங்களுக்குக் கட்டற்ற மென்பொருள் வந்துவிட்டது, காசு மிச்சம் என்று பலரும் மகிழ்கிறார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது காசு அல்ல, பெயர்.

அப்படிப்பட்ட மென்பொருள்களில் ஒன்றான ‘கோஹா’ 1999-ல் நியூசிலாந்தின் ஒரு சிறிய நூலகத்துக்காக உருவாகத் தொடங்கியது. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு, வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டிய அன்பளிப்பு என்று பொருள். நமக்குப் புரியும்படி சொன்னால் மொய். உரிமக் கட்டணம் இல்லாமல் அதை எடுத்துக்கொண்ட நாம் என்ன மொய் வைத்தோம்?

வைக்க வேண்டிய இடம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பதிவு உண்டு. ஆட்பெயரின் மாற்று வடிவங்களை 400 என்ற எண்ணுள்ள கட்டத்திலும், ஊர்ப்பெயருடையவற்றை 451-லும் சேர்க்கலாம். தேடலில் அவற்றையும் கணக்கில் எடுக்கும் அமைப்பை இயக்கிவிட்டால், ‘வள்ளலார்’ என்று தட்டினாலும் இராமலிங்க அடிகளின் நூல்கள் வரும். திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடையாய் நடந்தவரை அந்த ஊர்ப் பிள்ளை தேடிக் கிடைக்காமல் போகலாமா?

இதைவிட நுட்பமான சிக்கல் எழுத்தில் ஒளிந்திருக்கிறது. ‘கௌரி’, ‘கெளரி’ இரண்டையும் உற்றுப் பாருங்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். அச்சில் வித்தியாசமே தெரியாது. அந்த ஒரு தட்டலில் ஒரு நூல் பட்டியலில் இருந்தும் இல்லாததாகிவிடுகிறது.

மேற்கோள்களைத் திரட்டித்தரும் ‘ஸோட்டீரோ’ மென்பொருளின் கதையும் இதுதான். 2006-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். நமக்கு ஏது குடும்பப்பெயர்? 1918-ல் சென்னைத் தொழிற்சங்கம் தொடங்கியபோது முன்னின்ற திரு.வி.க.வை எடுத்துக்கொள்ளுங்கள். ‘திரு’ திருவாரூர், ‘வி’ தந்தை விருத்தாசலம், ‘க’ கல்யாணசுந்தரம். எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது? ஆளுக்கொரு விதமாகப் போட்டால் அடிக்குறிப்புகளில் ஒரே மனிதர் மூன்று ஆசிரியர்களாகிறார். கட்டத்துக்குப் பக்கத்திலேயே, இரண்டையும் ஒன்றாக்கும் சிறு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

மென்பொருளை விலை கொடுத்து வாங்கினால் பழுது பார்க்க ஆள் வருவார்கள் என்று சொல்லும் நூலகர்களும் உண்டு. நியாயமான பேச்சுதான். ஆனால் திருவொற்றியூரின் நாலு எழுத்துக்கூட்டலை எந்த ஊரிலிருந்து வரும் ஆள் அறிவார்?

ஊர்ப்பெயர் விடுபட்டால் இழப்பு தேடலோடு நிற்பதில்லை. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய் பரவியது. இவற்றைப் பற்றிய கட்டுரையில் ‘சென்னைக் கடற்கரை’ என்று மட்டும் குறித்துவைத்தால், எண்ணூர் என்று தேடும் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அது அகப்படாது. தன் ஊருக்கு நேர்ந்ததற்கான சான்று கைக்கு எட்டாமல் போகிறது என்பதுதான் என் கவலை.

சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறவர்கள் நாம். உங்கள் கிளை நூலகத்துக்குப் போங்கள். உங்கள் குப்பத்தின், தெருவின் பெயரை மக்கள் எத்தனை விதமாகச் சொல்கிறார்களோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். பட்டியலில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள்.