ஜார்ஜ் கார்லினின் மேடை நகைச்சுவையில் நுகர்வும் அமெரிக்கக் கனவும்

வேடமோ உடன்நடிகரோ இன்றி, ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று அவையோரிடம் நேராகப் பேசும் கலை ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை. அமெரிக்காவில் இதனைச் சமூக விமர்சனமாக வளர்த்தோருள் ஜார்ஜ் கார்லின் (1937–2008) குறிப்பிடத்தக்கவர். அவருடைய விமர்சனம் பெரும்பாலும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே தொடங்குகிறது.

1981இல் வெளியான 'எ பிளேஸ் ஃபார் மை ஸ்டஃப்' என்னும் ஒலித்தொகுப்பில், வீடு என்பது உடைமைகளைக் குவித்துவைத்து மேலே கூரையிட்ட இடமாகச் சுருங்குகிறது. குவியல் பெருகப் பெரிய வீடு தேவைப்படுகிறது. பயணம் போகும்போதும் அதன் சிறு பகுதியைச் சுமந்து செல்ல நேர்கிறது. பிறர் உடைமை குப்பையாகவும் தன் குப்பை உடைமையாகவும் தோன்றுகிறது. வாங்காதீர்கள் என்னும் அறிவுரை இதில் இல்லை. 'ஸ்டஃப்' என்ற சொல் மீள மீள வர, அவையோர் தத்தம் வீட்டை எண்ணிச் சிரிக்கின்றனர். இச்சொல்லுக்குத் தமிழில் 'பொருள்' ஒவ்வாது; அதில் செல்வத்தின் மதிப்பு கலந்துள்ளது. 'தட்டுமுட்டு' என்பதே அந்த ஏளனத்தை ஓரளவு தாங்கும்.

அமெரிக்கக் கனவு என்னும் தொடரை 1931இல் பரவலாக்கிய வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ், அது மோட்டார் வண்டியும் உயர்ந்த கூலியும் மட்டுமன்று. பிறப்பு எதுவாயினும் ஒவ்வொருவரும் தம் ஆற்றலுக்கேற்ப உயரத்தக்க சமூக ஒழுங்கு என்றார். 2005இல் 'லைஃப் இஸ் வொர்த் லூசிங்' நிகழ்ச்சியில் கார்லின் தாக்குவது அந்த ஒழுங்கின்மீதான நம்பிக்கையையே. நாட்டுக்கு உரிமையாளர்கள் உண்டு. இயந்திரத்தை இயக்கும் அளவு அறிவும் எதிர்த்துக் கேளாத பணிவும் உடைய தொழிலாளரே அவர்களுக்கு வேண்டும். தேர்தல் தருவது தெரிவு உண்டென்னும் மயக்கமே என்கிறார். கனவு என்ற சொல்லை அதன் நேர்ப்பொருளுக்கே திருப்பி, அதனை நம்ப உறங்கியிருக்க வேண்டும் என முடிக்கிறார். முன்னைய கேலி இங்குச் சினமாகிறது. சிரிப்போடு கைதட்டலும் எழுகிறது. கைதட்டல் உடன்பாட்டின் ஒலி. குற்றவாளிகள் அவைக்கு வெளியே இருப்பதால் உடன்படுவது எளிது. கேட்பவரையே கூண்டில் ஏற்றும் 'ஸ்டஃப்' உரை, மென்மையாகத் தோன்றினும், இதனினும் கூரியது.

இக்குரல் ஒலித்த இடமும் நோக்கத்தக்கது. கார்லினின் உரையொன்றை வானொலி நிலையம் ஒலிபரப்பியதால் எழுந்த வழக்கில், அத்தகைய ஒலிபரப்பைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசு ஆணையத்துக்கு உண்டென அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இல் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. எனினும் 1977 முதல் 2008 வரை அவருடைய 14 நிகழ்ச்சிகள் எச்பிஓவில் வெளிவந்தன. விளம்பரமின்றிச் சந்தாவால் இயங்கிய அத்தொலைக்காட்சிக்கு விளம்பரதாரரைப் பகைக்கும் அச்சம் இல்லை. நுகர்வை எள்ளிய பேச்சு, மாதந்தோறும் பணம் செலுத்தியோர் வீட்டுக்கே சென்றது.