காற்றும் கழனியும் – 11: புகைபோக்கி இல்லாத ஊரின் ஓசோன்

மாசி மாதம் தாராசுரத்தைச் சுற்றியுள்ள வயல்களில் சம்பா அறுத்த தாள் காய்ந்து நிற்கும். அதனூடே உளுந்தும் பச்சைப்பயறும் தலைதூக்கியிருக்கும். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே பயறு தெளித்துவிடுவது காவிரி டெல்டாவின் பழைய வழக்கம். அதற்கப்புறம் பாய்ச்சல் கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் இரவுப் பனியிலும் அது வளர்ந்து காய்க்க வேண்டும். மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், வெயில் நாளுக்கு நாள் ஏறும். ஐராவதேசுவரர் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள், நகரத்துப் புகையிலிருந்து தப்பி வந்த நிம்மதியோடு மூச்சை இழுத்து விடுவார்கள்.

இந்த வாரம் பார்க்கப்போகும் மாசு, இப்படிப்பட்ட தெளிந்த வானத்தில்தான் உண்டாகிறது.

மணலி, எண்ணூர் புகைபோக்கிகளைப் பற்றி இந்தத் தொடரில் முன்பு எழுதியிருந்தேன். அங்கே கந்தகத்தையும் சாம்பலையும் கக்கும் வாயைக் கைநீட்டிக் காட்டிவிடலாம். தரைமட்ட ஓசோனுக்கு அப்படி ஒரு வாய் கிடையாது. எந்த ஆலையும் எந்த வண்டியும் அதை நேரடியாக வெளியிடுவதில்லை. பெட்ரோல், டீசல், நிலக்கரி, குப்பை என எது எரிந்தாலும் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிவருகின்றன. பெட்ரோல் ஆவி, பெயின்ட், கரைப்பான்கள், ரசாயன ஆலைகளிலிருந்து எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் வருகின்றன. இரண்டும் கலந்த காற்றின் மேல் வெயில் பட்டால், நைட்ரஜன் டை ஆக்சைடிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு பிரிகிறது. அது அருகிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூற்றோடு ஒட்டி ஓசோன் ஆகிறது. வானத்தின் உயரத்தில் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கும் அதே வாயு, தரையில் நெஞ்சை எரிக்கும். ஆஸ்துமாக்காரர்களை மூச்சுத் திணற வைக்கும். காலையில் குறைவாக இருந்து, உச்சி வெயில் தாண்டிய பிற்பகலில் ஏறி, பொழுது சாய்ந்தபின் இறங்கும்.

இதில் கிராமங்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. வண்டிகள் நெரியும் சாலையில் புதிதாக வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு, அங்கிருக்கும் ஓசோனைத் தின்றுவிடுகிறது. அதனால் நகரத்தின் நடுவில் ஓசோன் பல சமயம் குறைந்தே தெரியும். மூலப்பொருள்கள் காற்றோடு பயணப்பட்டு, வெயிலில் வெந்து, பல மைல் தள்ளியுள்ள வயல்வெளியில் ஓசோனாக இறங்கும். உண்டாக்கியவர் ஒருவர், வாங்கிக்கொள்பவர் வேறொருவர்.

உலகத்தில் இதை முதலில் உணர்த்தியது இலைதான். 1940-களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் கீரைப் பயிர்களின் இலைகள் வெள்ளிபோல் மினுங்கியும் வெண்கல நிறம் பாரித்தும் கெட்டன. 1944-இல் தாவர நோய் ஆய்வாளர்கள் அதைப் பதிவு செய்தார்கள். பூச்சியோ பூஞ்சையோ காரணமாகத் தெரியவில்லை. அன்னாசிப்பழ வாசனையின் வேதியியலை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு விஞ்ஞானிதான், கார்களின் புகையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் ஆவியும் வெயிலில் சேர்ந்து ஓசோன் உண்டாவதைப் பிற்பாடு நிறுவினார். வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டில் எவ்வளவு சீக்கிரம் வெடிப்பு விழுகிறது என்பதை வைத்துக்கூட அந்த ஊரில் அப்போது ஓசோனை அளந்தார்கள்.

டெல்டா லாஸ் ஏஞ்சலஸ் ஆகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. நமக்கு ஒரு பக்கம் கடல் இருக்கிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 1990-களின் பிற்பகுதியில் தரங்கம்பாடியில் ஓசோனை அளந்திருக்கிறார்கள். நூறு கோடிப் பங்கு காற்றில் சுமார் 20 பங்கு என்ற அளவிலேயே மாதச் சராசரி இருந்தது. மே மாதத்தில் கூடுதல், மழை தொடங்கும் அக்டோபரில் குறைவு. காவிரிப் படுகையின் கடலோரத்தில் இந்த மாசுக்கு ஒரு பருவம் உண்டு என்பதை அந்த அளவீடு காட்டியது. ஆனால் அது கால் நூற்றாண்டுக்கும் முந்தைய காற்று. அதற்குப் பிறகு சாலையில் எத்தனை வண்டிகள் கூடியிருக்கின்றன என்பதைத் தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் ஒரு மணி நேரம் நின்றாலே தெரிந்துகொள்ளலாம்.

2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி மாநில அரசு சட்டம் இயற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களையும் சேர்த்து, புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுவது முதல் உருக்காலை வரை பலவற்றுக்கு அங்கே தடை போட்டது. டெல்டாவில் வரவிருந்த மீத்தேன் எரிவாயுத் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராக நடந்து, அந்தப் போராட்டக் களத்திலேயே 2013 டிசம்பரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உயிர் விட்டார். அவரையும் அவரோடு நின்ற விவசாயிகளையும் நினைக்காமல் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. அது மண்ணைக் காக்கும் நல்ல சட்டம். ஆனால் அதன் எல்லைக்கோட்டுக்கு வெளியே, தாராசுரத்துக்கு நேர் வடக்கே சுமார் 70 கிலோமீட்டரில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. இன்னும் சற்றுத் தள்ளிக் கடலூர் சிப்காட்டின் ரசாயன ஆலைகள். வாடைக் காற்று வீசும் மாதங்களில் அந்தத் திசையிலிருந்துதான் நம் பக்கம் காற்று வருகிறது.

பயிருக்குள் நடப்பதைப் பார்ப்போம். இலையின் அடியிலும் மேலிலும் உள்ள நுண்துளைகள் கரியமில வாயுவை வாங்கத் திறக்கும்போது ஓசோனும் கூடவே நுழைகிறது. உள்ளே செல்களின் சவ்வை அரிக்கிறது. தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளவே பயிர் சக்தியைச் செலவழிக்கிறது, பச்சையம் குறைகிறது, இலை காலத்துக்கு முன்பே பழுக்கிறது. நெல்லில் பால் பிடிக்கிற சமயம் கதிரை ஊட்டுவது கண்ணாடி இலை. அது பத்து நாள் முந்திக் காய்ந்தால் மணி சோடை போகும். தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் பயிர் துளைகளை நன்றாகத் திறந்து வைத்திருப்பதால், ஓசோனையும் அதிகமாகவே வாங்கிக்கொள்ளும். இலையில் சிறு பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் செம்புள்ளி நோய் என்றோ துத்தநாகச் சத்துக் குறைபாடு என்றோதான் யாரும் நினைப்பார்கள். அதற்கு மருந்தடித்துக் காசையும் விடுவார்கள். பல சமயம் புள்ளிகூட விழாது, மகசூல் மட்டும் குறையும்.

நெல்லைவிடக் கோதுமைக்கு அடி பலம். பயறு வகைகளும் சீக்கிரம் பாதிக்கப்படுகிறவைதான். வாரணாசியில் தாவரவியலாளர் மதூலிகா அகர்வாலும் அவருடைய மாணவர்களும் பச்சைப்பயறிலும் கோதுமையிலும் பல ஆண்டுகள் சோதித்து இதை எழுதியிருக்கிறார்கள். என் கவலை இங்கேதான் குவிகிறது. மழைக்காலத்தில் வளரும் சம்பாவுக்கு மேகமும் மழையும் ஓரளவு காவல். தை முடிந்து பங்குனி வரை நிற்கும் உளுந்துக்கும் பயறுக்கும் அந்தக் காவல் இல்லை. ஓசோன் ஏறத் தொடங்கும் பருவமும் அவை பூத்துக் காய்க்கும் பருவமும் ஒன்றாகிப்போகின்றன. குத்தகைக்காரக் குடும்பங்களுக்கு அந்த உளுந்துதான் நெல் கடன் போகக் கையில் நிற்கும் காசு.

நாட்டளவில் நட்டம் எவ்வளவு? 2005-ஆம் ஆண்டுக்கு புனே விஞ்ஞானிகள் கணக்கிட்டு 2014-இல் வெளியிட்டார்கள்: கோதுமையில் சுமார் 35 லட்சம் டன், நெல்லில் சுமார் 21 லட்சம் டன். இது கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு, கூடக் குறைய இருக்கலாம். ஆனாலும் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் நிவாரணம் கேட்கிற நாம், இந்த நட்டத்தை எந்த மனுவிலும் எழுதியதில்லை.

எழுத முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்த தரநிர்ணயத்தில் ஓசோன் உண்டு: எட்டு மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், ஒரு மணி நேரத்துக்கு 180. மனிதரின் நுரையீரலை வைத்துப் போட்ட வரம்பு அது. பயிர் ஒரு நாளின் கணக்கைப் பார்ப்பதில்லை, பருவம் முழுக்கச் சேர்த்துக்கொண்டே போகிறது. ஐரோப்பாவில் இதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பகலில் நூறு கோடியில் 40 பங்குக்கு மேல் எவ்வளவு ஏறுகிறதோ, அதை மணிக்கு மணி கூட்டுவார்கள். மூன்று மாதத்தில் அந்தக் கூட்டுத்தொகை 3,000-ஐத் தாண்டினால் கோதுமை மகசூலில் 5 சதவீதம் போகும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம்மிடம் பயிருக்கென்று அப்படி ஒரு வரம்பு கிடையாது. ஆட்கள் போய் மாதிரி எடுக்கும் சாதாரண நிலையங்களில் வழக்கமாக அளப்பதும் தூசு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடுதான்.

மூலத்தைக் குறைப்பதிலும் பின்வாங்கியிருக்கிறோம். 2003-க்கும் 2016-க்கும் இடையே வந்த அனல்மின் அலகுகள் ஒரு கன மீட்டர் புகையில் 300 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடு விடக்கூடாது என்று 2015-இல் மத்திய அரசு விதித்தது. 2020-இல் அதை 450 ஆக்கித் தளர்த்திவிட்டது. முடியவில்லை என்று மின் நிறுவனங்கள் சொன்ன காரணங்கள் அப்போது கணக்கில் வந்தன. காற்று போகும் திசையில் உள்ள வயல் கணக்கில் வரவில்லை. அது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நெல் வயலுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. தேங்கிய நீருக்கடியில் உண்டாகும் மீத்தேன் சுமார் பத்தாண்டு காற்றில் தங்கி, உலகம் முழுக்க ஓசோனின் அடிமட்டத்தை உயர்த்துகிறது. எப்போதும் தண்ணீர் கட்டாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது மீத்தேனைக் குறைக்கும், தண்ணீரும் மிஞ்சும். ஆனால் மேட்டூர் திறப்பையும் முறைப்பாசனத்தையும் நம்பியிருக்கும் கடைமடையில், அடுத்த பாய்ச்சல் என்றைக்கு என்று உறுதியாகத் தெரியாமல் எந்த விவசாயியும் வயலைக் காயவிட மாட்டார். அந்த உறுதியைக் கொடுக்க வேண்டியது நீர்வளத் துறையும் அரசும்.

தாராசுரத்துக்குப் பக்கத்திலேயே ஆடுதுறை இருக்கிறது. 1922-இல் தொடங்கிய அந்த நெல் ஆராய்ச்சி நிலையம், புகையானுக்கும் குலைநோய்க்கும் தாக்குப்பிடிக்கும் ரகங்களைப் பொறுக்கியெடுத்துப் பழகிய இடம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஊட்டியில், மேற்புறம் திறந்த கூண்டுகளுக்குள் நம் நெல் ரகங்களை வளர்த்து, கூடுதல் ஓசோனைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். சில ரகங்கள் தாங்கின, சில துவண்டன. அந்தச் சோதனை மலையிலிருந்து சமவெளிக்கு இறங்க வேண்டும். ஆடுதுறை வயலிலேயே ஓசோன் அளக்கும் கருவி ஒன்றை நிறுத்தி, தை முதல் வைகாசி வரை மணிக்கு மணி அளந்து, அந்த எண்களை உழவர்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நெல்லோடு, தரிசில் தெளிக்கும் உளுந்து, பயறு ரகங்களையும் அந்தச் சோதனையில் சேர்க்க வேண்டும். எந்த ரகம் தாங்கும் என்பது அடுத்த தைக்கு விதை வாங்கப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.