விமான அளவு மாதிரிகள்: திட்டமிடலும் கற்பனை மாற்றமைப்பும்

ஒரு பொருளின் வடிவத்தை மாற்றாமல், அதன் பரிமாணங்களை மட்டும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்யப்படுவது அளவு மாதிரி எனப்படும். விமான அளவு மாதிரி என்றவுடன் பலரும் சிறுவர் விளையாட்டுப் பொருளையே நினைக்கின்றனர். ஆனால் விமானக் கலையில் மாதிரிக்கு உள்ள இடம் மிகப் பெரிது. பெரும்பாலான புது விமான வடிவங்கள் வானில் எழுவதற்கு முன் மாதிரியாகக் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கப்படுகின்றன. பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமானப் பொறியியல் துறை 1942-இல் தொடங்கிற்று. தேசிய விமானவியல் ஆய்வுக்கூடத்தில் ஒலியினும் விரைவான வேகங்களில் மாதிரிகளைச் சோதிக்கவல்ல 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கம் 1967-இல் இயங்கத் தொடங்கிற்று.

பொழுதுபோக்காக மாதிரி செய்யும் அன்பர் ஒருவர் தம் மேசையில் செய்வதும் இவ்வாய்வுக்கு மிகவும் தூரமானதன்று. அடுத்து எந்த விமானத்தைச் செய்வது, அதை எவ்வாறு வேறொன்றாக மாற்றுவது என்று அவர் திட்டமிடும்போது, விமான வடிவமைப்பாளரை எதிர்நோக்கிய கேள்விகளே சிறு அளவில் அவரையும் எதிர்நோக்குகின்றன. இக்கேள்விகளுக்குப் பெங்களூரில் பிறந்த விமானங்களைக் கொண்டே விடை காண முயல்வோம்.

அளவும் கணக்கும்

மாதிரி செய்வோரிடையே மிகுதியாக வழங்கும் விகிதம் 72-இல் ஒரு பங்கு என்பதாகும். ஆறடி உயரமுள்ள மனிதன் ஓர் அங்குல உயரப் பொம்மையாக நிற்பதே இதன் பொருள். இங்கிலாந்தில் 1932-இல் வெளிவந்த ஸ்கைபேர்ட்ஸ் என்ற மரத் தொகுப்புகள் இவ்விகிதத்தைப் பரப்பின. 1936-இல் பிளாஸ்டிக் தொகுப்புகளும் இதே விகிதத்தில் வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது, தம் விமானம் எது, பகைவர் விமானம் எது என்று படைவீரர்கள் பார்த்தவுடன் அறிவதற்காக, அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5,00,000 மாதிரிகள் செய்து தருமாறு கேட்டது. அவையும் 72-இல் ஒரு பங்கு அளவினவே. இந்த மாதிரியைப் பத்து மீட்டர் தூரத்திலிருந்து காண்பது, உண்மை விமானத்தை 720 மீட்டர் தூரத்தில் காண்பதற்கு ஒப்பாகும்.

பெங்களூர் விமானங்கள் மூன்றின் அளவுகளும், 72-இல் ஒரு பங்காக அவை சுருங்கும் அளவுகளும் வருமாறு:

எச். டி.-2 பயிற்சி விமானம்: நீளம் 7.53 மீட்டர், இறக்கை வீச்சு 10.72 மீட்டர்; மாதிரியில் 105 மில்லிமீட்டர், 149 மில்லிமீட்டர்.

எச். எஃப்.-24 மாருத் போர் விமானம்: நீளம் 15.87 மீட்டர், இறக்கை வீச்சு 9.00 மீட்டர், மாதிரியில் 220 மில்லிமீட்டர், 125 மில்லிமீட்டர்.

அஜீத் போர் விமானம்: நீளம் 9.04 மீட்டர், இறக்கை வீச்சு 6.73 மீட்டர், மாதிரியில் 126 மில்லிமீட்டர், 93.5 மில்லிமீட்டர்.

மூன்றையும் ஒரே விகிதத்தில் செய்து அருகருகே வைத்தால், அஜீத்தின் முழு நீளமும் மாருத்தின் இறக்கை வீச்சளவே என்பது கண்ணுக்குப் புலனாகும். அச்சிட்ட எண்கள் இவ்வளவு தெளிவாக இதை உணர்த்துவதில்லை. ஆகையால் வரிசையாகப் பல மாதிரிகள் செய்யக் கருதுபவர், முதலில் ஒரு விகிதத்தைத் தேர்ந்து, இறுதிவரை அதிலேயே நிற்பது நலம்.

நீளம் 72-இல் ஒரு பங்காகும்போது, பரப்பு 5,184-இல் ஒரு பங்காகிறது. கன அளவோ 3,73,248-இல் ஒரு பங்காகிறது. மாருத்தின் வெற்று எடை சுமார் 6,200 கிலோகிராம். அதே பொருளால், அதே மெல்லிய தகடுகளால் மாதிரி செய்ய இயலுமானால், அதன் எடை 17 கிராமுக்கும் குறைவாகவே இருக்கும். ஆனால் 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு 0.02 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். இதை நம் கைகளால் வெட்டவோ வளைக்கவோ இயலாது. ஆகவே எதைச் சுருக்கலாம், எதைச் சற்று மிகைப்படுத்த வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வதே திட்டமிடலின் முதற்படி ஆகும். வண்ணத்திலும் இது பொருந்தும். அரை மீட்டர் தூரத்தில் காணும் மாதிரி, 36 மீட்டர் தூரத்தில் நிற்கும் விமானத்துக்குச் சமம். இடையிலுள்ள காற்று நிறத்தை வெளுப்பிப்பதால், உண்மை வண்ணத்தில் சிறிது வெள்ளை கலந்து பூசுவது வழக்கம்.

மாற்றமைப்பு மூவகை

ஒரு மாதிரியை வேறொரு வகை விமானமாக மாற்றுவதை மாற்றமைப்பு என்கிறோம். இதில் மூன்று படிகள் உண்டு.

முதலாவது, உண்மையில் நடந்த மாற்றம். மாருத்தின் ஓரிருக்கை வகையிலிருந்து ஈரிருக்கைப் பயிற்சி வகை தோன்றி 1970-இல் முதன்முறை பறந்தது. இரண்டாம் இருக்கை எங்கே வந்தது? விமானியின் இருக்கைக்குப் பின்னால் உடலுக்குள் மடங்கும் ராக்கெட் பெட்டகம் இருந்தது. அதை நீக்கி அவ்விடத்தில் இருக்கையை அமைத்தனர். மாதிரி செய்பவர் உடலை வெட்டி நீட்டத் தேவையில்லை. கண்ணாடிக் கூண்டையும் அதன் பின்னுள்ள முதுகுப் பகுதியையும் மாற்றினாற் போதும். நாட் விமானம் அஜீத் ஆனதும் இத்தகையதே. இறக்கைகளுக்குள் எரிபொருள் நிரப்ப வழி செய்தமையால், வெளியே தொங்கிய எரிபொருள் கலங்களுக்குரிய இடங்கள் ஆயுதங்களுக்குக் கிடைத்தன.

இரண்டாவது, திட்டமிடப்பட்டும் நிறைவேறாத மாற்றம். மூன்றாவது, செய்பவரின் தூய கற்பனை. இவ்விரண்டிலுமே அறிவுக்கு வேலை மிகுதி. இரண்டாவதற்கு மாருத்தைக் காட்டிலும் சிறந்த உதாரணம் நம் நாட்டில் இல்லை எனலாம்.

மாருத் காத்திருந்த எஞ்சின்

ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் 1956-இல் பெங்களூர் வந்து, இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் மாருத்தின் வடிவமைப்பை மேற்கொண்டார். முழு அளவில் மரத்தால் ஆன, எஞ்சினில்லாத மாதிரி ஒன்று செய்யப்பட்டு, டகோட்டா விமானத்தால் இழுக்கப்பட்டு 1959-இல் பறந்தது. மாதிரி என்னும் சொல்லுக்கு இதைவிடப் பெரிய பொருள் இருக்க முடியாது. எஞ்சின் பூட்டிய மாருத் 1961 ஜூன் 17-ஆம் நாள் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் ஓட்ட முதன்முறை பறந்தது.

இவ்விமானம் ஒலியின் வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தைக் கருத்தில் வைத்து வரையப்பட்டது. அதற்கென எண்ணிய ஆர்ஃபியஸ் பி.ஓ.ஆர். 12 என்ற எஞ்சின், பின்னெரிப்பான் துணையுடன் சுமார் 3,700 கிலோகிராம் உந்து விசை தரவேண்டியது. அதன் வளர்ச்சி இடையில் கைவிடப்பட்டது. கிடைத்த ஆர்ஃபியஸ் 703 எஞ்சின் ஒவ்வொன்றும் தந்தது சுமார் 2,200 கிலோகிராம் மட்டுமே. வேகத்துக்கென மெல்லியதாக வரையப்பட்ட உடல், அவ்வேகத்தை என்றும் காணவில்லை. எகிப்தில் உருவான ஈ-300 எஞ்சினை ஒரு மாருத்தில் பொருத்தி 1967-இல் அங்கே பறக்கவிட்டதும் நிலைத்த பயன் தரவில்லை. மொத்தம் 147 மாருத்துகள் கட்டப்பட்டன. 1971 போரில் தரைத் தாக்குதலில் அவை நற்பணி ஆற்றின. 1990-இல் ஓய்வு பெற்றன.

எண்ணிய எஞ்சின் கிடைத்திருந்தால் மாருத் எவ்வாறு தோன்றியிருக்கும்? மாதிரி செய்பவர் எழுப்பக்கூடிய நல்ல கேள்வி இது. விடையை வண்ணத்தாலும் எண்ணெழுத்தாலும் மட்டும் கூறிவிட முடியாது. பின்னெரிப்பான் வந்தால் விரியவும் சுருங்கவும் வல்ல புகைவாய் வேண்டும். இரு புகைவாய்களும் அருகருகே இருப்பதால் உடலின் பின்முனை அகலும். அகன்ற பின்முனைக்குப் பின்னால் காற்று சுழன்று எதிர்ப்பைக் கூட்டும். இது வெறும் ஊகமன்று. ஆர்ஃபியஸ் 703 எஞ்சினுக்கே பின்னெரிப்பான் அமைத்துச் செய்த சோதனையில், பின்முனை பருத்ததனால் எழுந்த எதிர்ப்பு, கூடுதல் உந்து விசையின் பயனைப் பெரிதும் விழுங்கிற்று. அச்சோதனை விமானம் 1970 ஜனவரியில் விபத்துக்குள்ளாகி, சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றுவது எளிது. அக்கோட்டின் விலையை வேறொருவர் செலுத்த நேரிடுகிறது என்பதை இந்நிகழ்ச்சி என்றும் நினைவூட்டும்.

மேலும் தொடர்வோம். பின்புறத்தில் எடை கூடினால் ஈர்ப்பு மையம் பின்னோக்கி நகரும். அதைச் சரி செய்ய மூக்கில் எடை வேண்டும். அங்கே ஒரு ரேடாரை வைக்கலாம் எனின், முன்னுடலில் ஏற்கெனவே நான்கு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் உள்ளன. அவற்றில் இரண்டை நீக்குவதா, மூக்கை நீட்டுவதா? பின்னெரிப்பான் எரிபொருளை மிகுதியாக உண்ணும்; அதற்குரிய கலங்கள் எங்கே? இவ்வாறு ஒரு மாற்றம் அடுத்த மாற்றத்தை அழைத்துவருகிறது. இச்சங்கிலியை இறுதிவரை தொடர்ந்து செய்யப்படும் மாதிரியே, ‘இவ்வாறு இருந்திருக்கக் கூடும்’ என்று காண்போரை நம்பச் செய்யும்.

கற்பனைக்கு உரிய ஒழுங்கு

தூய கற்பனைக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். வி. எம். காட்கே வடிவமைத்து 1951-இல் பறந்த எச். டி.-2 விமானத்துக்கு டர்போ எஞ்சின் ஒன்றைப் பொருத்தலாம் என எண்ணுவோம். இத்தகைய எஞ்சின் பிஸ்டன் எஞ்சினைவிட இலேசானது. 150 கிலோகிராம் எடையுள்ள பழைய எஞ்சின் ஈர்ப்பு மையத்திலிருந்து 1.6 மீட்டர் முன்னே இருந்ததாகக் கொண்டால், 100 கிலோகிராம் எடையுள்ள புதியது அதே சமநிலையைத் தர 2.4 மீட்டர் முன்னே செல்லவேண்டும். அதாவது மூக்கு 0.8 மீட்டர் நீளும். மாதிரியில் அது 11 மில்லிமீட்டர். பெங்களூரிலேயே எச். பி. டி.-32 பயிற்சி விமானத்துக்கு இத்தகைய எஞ்சினைப் பொருத்தி, எச். டி. டி.-34 என்ற பெயரில் 1984-இல் பறக்கவிட்டனர் என்பதால், நம் கற்பனை வழியற்றதன்று என்பது தெளிவு.

மாருத்தை விக்ராந்த் கப்பலில் இறக்க எண்ணுவோரும் உண்டு. பிடிகொக்கி வேண்டும், இறங்கு சக்கரத் தண்டுகள் தடிக்க வேண்டும், கவண் பொறியில் மாட்டுதற்குரிய பிடிகள் வேண்டும். இவையனைத்தும் அமைத்த பின்னும், பின்சாய்ந்த இறக்கையின் இறங்கு வேகம் அச்சிறிய தளத்துக்கு மிகுதி என்பது தெரியவரும். ஒரு கற்பனை பொருந்தாது என்று கணக்கிட்டு அறிவதும் இக்கலையின் பயன்களுள் ஒன்றாகும்.

ஆகவே, திட்டமிடுவோர் ஒவ்வொரு மாற்றமைப்புக்கும் ஒரு தாளில் ஐந்து வினாக்களுக்கு விடை எழுதிக்கொள்ளலாம். எப்பணிக்காக இம்மாற்றம்? எடை எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது? காற்றும் எரிபொருளும் எவ்வழியே வருகின்றன? எந்த ஆண்டில் இது இயன்றிருக்கும்? மாறாமல் நிற்பவை எவை? இறுதி வினாவே முக்கியமானது. பாதிக்கு மேல் மாறிவிட்டால், அது மாற்றமைப்பு அன்று, புது விமானம்.

பொருள்கள்

பிளாஸ்டிக் தொகுப்பு கிடைக்காத விமானங்களை மரத்தாலும் செய்யலாம். மெல்லிய இறக்கைக்குப் பால்சா மரத்தைவிட இறுக்கமான மரம் ஏற்றது. பெங்களூருக்கு அருகிலுள்ள சென்னபட்டணத்தில் பொம்மைகள் கடையும் பாலை மரம் மென்மையும் நெருங்கிய இழையும் உடையது. எரிபொருள் கலம், மூக்குக் கூம்பு முதலிய உருண்ட பாகங்களைக் கடைசலில் கடைந்துகொள்ள மிகவும் உகந்தது. இணைப்புகளில் பட்டி பூசி, காய்ந்தபின் நயமான உப்புத்தாளால் நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். மரப் பாகமாயின் உலர்வாகவே தேய்ப்பது நலம்.

அளந்து வைத்தல்

எவ்வளவு சிறந்த கைத்திறனும் சரியான அளவுகளின்றிப் பயன்படாது. பெங்களூரில் 2001-இல் தொடங்கப்பட்ட எச். ஏ. எல். விமானக் காட்சிசாலையில் மாருத்தை அருகில் நின்று காணலாம். ஜெர்மனியிலும் ஒரு மாருத் காட்சிக்கு உள்ளது. ஆனால் இவை பறப்பதில்லை. திறந்த வெளியில் நிற்கும் விமானத்தை வெயிலும் மழையும் தின்கின்றன. மறுவண்ணம் பூசுந்தோறும் பழைய குறிகள் மறைகின்றன. ஆகையால் மாணவர்கள் காட்சிசாலைக்குச் செல்லும்போது, புகைப்படம் எடுப்பதோடு நில்லாமல், அனுமதி பெற்று அளவுநாடாவையும் குறிப்பேட்டையும் பயன்படுத்துதல் வேண்டும். சக்கரத்தின் விட்டம், காற்று நுழைவாயின் உயரம், தகடுகள் சேரும் கோடுகளின் இடம் ஆகியவற்றை அளந்து, தேதியிட்டு எழுதி வைத்தால், அது ஒரு மாதிரிக்கு மட்டுமன்றி, பின்வரும் ஆராய்ச்சியாளருக்கும் உதவும்.

மாருத்துக்குக் கிடைக்காத எஞ்சினை நாம் இனி அதற்குத் தர இயலாது. ஆயினும் அது ஏன் தேவைப்பட்டது, அது வந்திருந்தால் வேறு எவையெல்லாம் மாறவேண்டியிருந்தது என்பதை 22 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மாதிரியைக் கொண்டு பதினைந்து வயது மாணவனும் மாணவியும் தெளிவாக அறியக்கூடும். அவ்வாறு அறிந்தவர்களே நாளை மெய்யான விமானத்தின் வரைபடத்தில் கோடு வரையும் தகுதி உடையவராவர்.