அழைப்பும் இசைவும்

கருப்பைவாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் வலி தருவதில்லை. நலமாக இருப்பதாக எண்ணும் பெண்ணைச் சோதனைக்கு வரச்செய்வதே தடுப்பாய்வின் முதல் அறைகூவலாகும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு இதற்குச் சான்றாகும். 114 ஊர்த்தொகுதிகளுள் குலுக்கல் முறையில் தேர்ந்த 57 தொகுதிகளில், 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் தகுதி பெற்றிருந்தனர். பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெண்மையாக மாறும் இடங்களைக் கண்டறிந்தனர். சோதனைக்கு வந்தோர் 31,343 பேர். ஏனைய தொகுதிகளோடு ஒப்பிடுகையில், இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்ததை 2007இல் வெளியான முடிவுகள் காட்டின.

எனினும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வரவில்லை. நாணம், அச்சம், கூலியிழப்பு ஆகியன பெண்களைத் தடுப்பவை. நெசவூர்களில் நெய்த அளவிற்கே கூலி. தறியை விட்டு எழுந்தால் வருவாய் குறையும். ஆகவே முகாம் வீட்டருகே, வேலைக்கு இடையூறில்லாத நேரத்தில் அமைதல் வேண்டும். சோதிப்பவர் பெண்ணாயிருத்தல் நாணத்தைக் குறைக்கும்.

அச்சுறுத்தியோ ஆசை காட்டியோ பெறுவது இசைவாகாது. ஆய்வின் பயன், தீங்கு, இடையில் விலகும் உரிமை ஆகியவற்றை எளிய மொழியில் அறிந்தபின் தருவதே இசைவு. நோய் கண்டறியப்பட்டால் மருத்துவம் கிட்டும் என்னும் உறுதியும் அவ்வழைப்பில் அடங்க வேண்டும்.