இடது விலாவில் ஒளிந்த கட்டி

ஐப்பசி மழை விட்டுப் பத்து நாள் ஆகிறது. பழைய மாமல்லபுரம் சாலையில், நாவலூரில் ஒரு வீடு. கற்பனை வீடுதான், ஆனால் இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. வீட்டுக்காரருக்கு வயது ஐம்பது. சர்க்கரை வியாதி உண்டு. மாத்திரை சாப்பிடுவது மட்டும் நினைவு வந்தால்தான்! கொல்லையில் தேங்கிய தண்ணீரை வெறுங்காலுடன் நின்று வெட்டிவிட்டார். இப்போது மாலையானால் குளிர்; பின்னாலேயே ஜுரம்.

"என்னங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமே?"

"மழையிலே நனைஞ்சது. ரெண்டு நாளிலே தானா விட்டுடும்."

விடவில்லை. மாத்திரை போட்டால் இறங்குகிறது, மறுநாள் ஏறுகிறது. இடது விலாவுக்கு அடியில் வலி. மூச்சை இழுத்தால் குத்துகிறது. இடது தோள்கூட வலிக்கிறது. 'வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக் கொள்கிறார்.

வாயுவாக இல்லாமல், மண்ணீரலில் சீழ் பிடித்திருந்தால்?

மண்ணீரல் நம் கைமுஷ்டி அளவுள்ள உறுப்பு. எடை சுமார் 150 கிராம். கிழடு தட்டிய ரத்த அணுக்களையும் கிருமிகளையும் வடிகட்டுவது அதன் வேலை. சில சமயம் பிடித்த கிருமியே அங்கு குடியேறிக் கட்டியாகப் பழுத்துவிடுகிறது. இருதய வால்வில் பிடித்த கிருமி, டைபாய்டு, காச நோய், விலாவில் பட்ட பலத்த அடி என்று காரணங்கள் பல. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு அபாயம் அதிகம்.

நம் பக்கத்தில் மறக்கக் கூடாத காரணம் இன்னொன்று. 1912-ஆம் ஆண்டில், ரங்கூனில் பணியாற்றிய விட்மோர் என்ற ஆங்கில டாக்டரும், கிருஷ்ணசுவாமி என்ற நம் நாட்டு டாக்டரும் ஒரு புதிய வியாதியைப் பற்றி எழுதினார்கள். இறந்தவர்களின் உடலைச் சோதித்தபோது, உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டிகளையும் அவற்றில் அதுவரை யாரும் அறியாத கிருமியையும் கண்டார்கள். 'மெலியாய்டோசிஸ்' என்று பின்னால் பெயர் பெற்ற அந்த வியாதி தமிழ்நாட்டிலும் உண்டு. கிருமி வசிப்பது ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும். காலில் உள்ள சிறு கீறல் போதும், உள்ளே நுழைய!

மண்ணீரல் கட்டி அபூர்வமானது. அபூர்வம் என்பதுதான் ஆபத்தும்கூட. சட்டென்று யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை. மலேரியா என்றும், காசம் என்றும் நாட்கள் ஓடிவிடும். கவனியாமல் விட்டால் கட்டி உடைந்து உயிருக்கே உலை வைக்கும்.

கண்டுபிடிப்பது இன்று கடினமல்ல. அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. ஸ்கேன் கட்டியைக் காட்டிவிடும். எந்தக் கிருமி என்று அறிய ரத்தத்தையும் சீழையும் 'கல்ச்சர்' செய்ய வேண்டும். இதுதான் முக்கியம். மெலியாய்டோசிஸ் கிருமி சாதாரண மருந்துகள் பலவற்றுக்கு மசியாது. குறைந்தது இரண்டு வாரம் தகுந்த ஊசி மருந்து, பிறகு சில மாதங்கள் மாத்திரை. ஜுரம் விட்டதென்று நடுவில் நிறுத்தினால் வியாதி திரும்பும்.

சிறு கட்டிகள் பல மருந்திலேயே கரையும். பெரிய கட்டியானால், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியாலோ மெல்லிய குழாயாலோ சீழை வெளியேற்றுவார்கள். அதிலும் தீராவிட்டால், அல்லது கட்டி உடைந்துவிட்டால், மண்ணீரலையே எடுத்துவிடுவது உண்டு. அது இல்லாமலும் வாழலாம். ஆனால் நிமோனியா, மூளைக் காய்ச்சல் தடுப்பு ஊசிகள் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு எந்த ஜுரம் வந்தாலும் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

நாவலூர் அம்மாள் சொன்னது சரி. ஒரு வாரமாகியும் விடாத ஜுரம், இடது விலாவில் வலி, கூடவே சர்க்கரை வியாதி: இம்மூன்றும் சேர்ந்தால் தைலப் புட்டியைத் தேடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். "மழைத் தண்ணீரில் வெறுங்காலுடன் நின்றேன்" என்பதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உங்கள் உயிரைக் காப்பாற்றலாம்.