ஷிராட்டாக்கி நூடுல்ஸ்: சமைப்பதும் உண்பதும்

ஷிராட்டாக்கி நூடுல்ஸ் என்பது கொன்னியாக்கு என்னும் கிழங்கின் மாவிலிருந்து செய்யப்படும் ஜப்பானிய உணவாகும். பார்ப்பதற்கு நம் சேவையைப் போல வெண்மையாகவும் சற்றே கண்ணாடி போலவும் இருக்கும். இதன் எடையில் சுமார் 97 விழுக்காடு நீர். மீதமுள்ளதில் பெரும்பகுதி குளுக்கோமன்னன் என்னும் நார்ச்சத்து. 100 கிராம் ஷிராட்டாக்கியில் 5 முதல் 10 கிலோகலோரி ஆற்றல் மட்டுமே உண்டு. அதே எடையுள்ள வெந்த சோற்றில் சுமார் 130 கிலோகலோரி இருக்கிறது. எடையைக் குறைக்க விரும்புபவர்களும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் இதைத் தேடிச் செல்வதற்கு இந்த வேறுபாடே காரணம்.

இந்த உணவு எப்படி உருவாகிறது, நம் வீட்டு அடுப்பில் எப்படிச் சமைப்பது, யாருக்கு உதவும், யாருக்கு ஆபத்தாகலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம்?

புதுச்சேரியின் ஏம்பலம், பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்கள் நெல் விளையும் ஊர்கள். பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்றே சொல்வார்கள். காலையில் இட்லி அல்லது இடியாப்பம், மதியம் சோறு, இரவில் தோசை அல்லது மீண்டும் சோறு என்பது இங்கு வழக்கமான உணவு. மூன்று வேளையும் அரிசிதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தின. அதன் முடிவுகள் 2023 ஜூன் மாதத்தில் வெளியாயின. இந்தியாவில் பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உள்ளது என்று அந்த ஆய்வு கூறியது. புதுச்சேரியில் அது 26.3 விழுக்காடு. நான்கு பெரியவர்களில் ஒருவருக்கும் மேல் என்று பொருள். 26.4 விழுக்காட்டுடன் கோவா மட்டுமே இதற்கு முன்னால் இருந்தது.

ஆகவே "சோற்றுக்குப் பதிலாக எதைச் சாப்பிடலாம்?" என்ற கேள்வி இப்பகுதியில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி. அதற்கு விடையாக இணையத்திலும் பெரிய கடைகளிலும் முன்வைக்கப்படும் பொருள்களில் ஷிராட்டாக்கியும் ஒன்று.

பெயரும் தாவரமும்

ஜப்பானிய மொழியில் 'ஷிராட்டாக்கி' என்றால் வெள்ளை அருவி. மாவுக் கூழை மெல்லிய துளைகள் வழியாகக் கொதிநீரில் பிழியும்போது அது வெள்ளை அருவி விழுவது போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. நாம் அச்சில் இடியாப்பம் பிழிவதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

கொன்னியாக்குச் செடியின் தாவரவியல் பெயர் அமார்ஃபோஃபாலஸ் கொன்ஜாக். நம் சேனைக்கிழங்கு இதே பேரினத்தைச் சேர்ந்த அமார்ஃபோஃபாலஸ் பியோனிஃபோலியஸ் ஆகும். இரண்டும் நெருங்கிய உறவினர். பச்சையாகத் தின்றால் இரண்டுமே நாக்கிலும் தொண்டையிலும் அரிக்கும். கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி வடிவப் படிகங்கள் இதற்குக் காரணம். சேனையைப் புளித் தண்ணீரில் வேகவைக்கும் நம் வழக்கம் இந்த அரிப்பைத் தணிப்பதற்காகவே.

உறவு நெருக்கமாக இருந்தாலும் உள்ளிருக்கும் பொருள் வேறு. சேனைக்கிழங்கில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. 100 கிராம் சேனையில் சுமார் 80 கிலோகலோரி உண்டு. கொன்னியாக்கில் மாவுச்சத்துக்குப் பதிலாகக் குளுக்கோமன்னன் மிகுந்திருக்கிறது. ஆகவே சேனையை உலர்த்தி அரைத்து வீட்டில் ஷிராட்டாக்கி செய்ய முடியாது. சேனை வறுவலைச் சாப்பிட்டுவிட்டு ஷிராட்டாக்கியின் பலனை எதிர்பார்க்கவும் முடியாது.

ஜப்பானில் கொன்னியாக்கு விளைச்சலில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குன்மா மாநிலத்தில் விளைகிறது. இக்கிழங்கு குளிரைத் தாங்காது. வசந்தத்தில் நட்டு, இலையுதிர் காலத்தில் தோண்டி எடுத்து, உள்ளே வைத்துக் காத்து, அடுத்த ஆண்டு மீண்டும் நடுவார்கள். இப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்த்த பிறகே கிழங்கு ஆலைக்குப் போகும்.

தயாரிக்கும் முறை

கிழங்கைச் சீவி, காயவைத்து, இடித்துப் பொடியாக்குவார்கள். பின் காற்றில் தூற்றினால் மாவுச்சத்தும் தூசும் பறந்துவிடும். கனமான குளுக்கோமன்னன் துகள்கள் தங்கும். இந்தத் துகள்களை நீரில் கரைத்தால் தம் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கெட்டியான கூழாகும்.

இந்தக் கூழில் சேர்க்கப்படும் முக்கியமான பொருள் சுண்ணாம்பு நீர். குளுக்கோமன்னன் மூலக்கூறில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் தொகுதிகளைச் சுண்ணாம்பின் காரத்தன்மை நீக்கிவிடும். அதன் பிறகு மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, சூடுபட்டதும் உறுதியான களியாக இறுகும்.

இவ்வாறு இறுகிய களி மீண்டும் உருகுவதில்லை. கடற்பாசி என்று நாம் சொல்லும் அகர் அகர் குளிரில் உறைந்து, கொதிக்க வைத்தால் மறுபடி கரைந்துவிடும். கொன்னியாக்கு அப்படியல்ல, எவ்வளவு நேரம் கொதித்தாலும் குழையாது. சமைப்பவருக்கு இது ஒரு வசதி. ஆனால் தொண்டையில் சிக்கினால் இதுவே ஆபத்து. அதைப் பின்னர் பார்ப்போம்.

சமைக்கும் முறை

ஷிராட்டாக்கி நீரில் மிதக்கும் நிலையில் பாக்கெட்டில் வருகிறது. பிரித்தவுடன் மீன்வாடை போன்ற ஒரு நெடி அடிக்கும். அது கெட்டுப்போனதற்கு அடையாளமல்ல. இருப்பினும் அந்த நெடியைப் போக்காமல் சமைத்தால் வாயில் வைக்க முடியாது. முதன்முறை சமைப்பவர்கள் பலர் இத்துடன் இதைக் கைவிடுவதற்குக் காரணம் இதுவே. கீழ்க்கண்ட வரிசையில் செய்தால் நெடி போய்விடும்.

1. பாக்கெட் நீரை முழுவதும் வடித்துக் கொட்டவும். அதைச் சமையலில் சேர்க்கக் கூடாது.

2. வடிதட்டில் போட்டு இரண்டு மூன்று முறை நன்றாக அலசவும்.

3. கொதிநீரில் 2 அல்லது 3 நிமிடம் போட்டு எடுத்து வடிக்கவும்.

4. எண்ணெய் விடாத வாணலியில் போட்டு 5 முதல் 8 நிமிடம் கிளறவும். நீர் வற்றி ஆவி அடங்கும். இழைகள் வாணலியில் கீச்சென்று ஒலி எழுப்பும். அதுதான் பதம்.

5. கத்தரியால் இரண்டு மூன்று இடங்களில் குறுக்கே வெட்டிவிடவும். நீளமான இழைகள் மெல்ல வராது என்பதால் இந்தப் படியை விட வேண்டாம்.

இதற்குத் தனிச் சுவை எதுவும் கிடையாது. குழம்பு உள்ளே ஊறாமல் மேலே ஒட்டிக்கொள்ளும். ஆகவே தண்ணீரான சாம்பார், ரசம் ஆகியவை பொருந்துவதில்லை. கெட்டியான தக்காளித் தொக்கு, புதினாத் துவையல், மிளகு மசாலா, சுண்டிய மீன் குழம்பு ஆகியவை பொருந்தும்.

எலுமிச்சை சேவை செய்யும் முறையிலும் இதைச் செய்யலாம். கடுகு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, வறட்டிய நூடுல்ஸைப் போட்டுக் கிளறி இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழியவும். இழை புளிப்பை உறிஞ்சாது என்பதால் சேவைக்குச் சேர்ப்பதை விடச் சாறு குறைவாகவே போதும்.

மீதியை உறைபெட்டியில் வைக்கக் கூடாது. உறைந்தால் நீர் பிரிந்து, இழை ரப்பரைப் போலாகிவிடும்.

தாளிப்பின் கணக்கு

குறைந்த கலோரி உணவு என்று வாங்கி, அறியாமலேயே அதைக் கலோரி மிகுந்ததாக மாற்றிவிடுவது எளிது. 200 கிராம் பாக்கெட் ஒன்றைத் தாளித்துச் செய்வதாகக் கொள்வோம்.

நூடுல்ஸ் 200 கிராம்: 10 முதல் 20 கிலோகலோரி
எண்ணெய் 2 தேக்கரண்டி: சுமார் 80
வேர்க்கடலை 20 கிராம்: சுமார் 115
பருப்பு வகை 2 தேக்கரண்டி: சுமார் 30

மொத்தம் ஏறக்குறைய 240 கிலோகலோரி. இதில் பத்தில் ஒரு பங்கு கூட நூடுல்ஸிலிருந்து வரவில்லை. எண்ணெயை இரு மடங்காக்கி, மேலே தேங்காய்த் துருவலும் தூவினால், ஒரு தட்டுச் சோற்றின் ஆற்றலை எட்டிவிடும். எனினும் எண்ணெயில் மாவுச்சத்து இல்லை, கடலையில் குறைவு என்பதால் இரத்தச் சர்க்கரை சோற்றைப் போல ஏறாது. எடை குறைய வேண்டும் என்பவர் எண்ணெயை அளந்து ஊற்ற வேண்டும்.

உடலில் என்ன நடக்கிறது?

குளுக்கோமன்னனை நம் சிறுகுடல் செரிப்பதில்லை. அது இரைப்பையில் இடத்தை நிரப்பி, உணவு கீழே இறங்குவதைத் தாமதப்படுத்தும். பெருங்குடலில் நுண்ணுயிரிகள் அதை நொதிக்கச் செய்யும். புதிதாக உண்பவருக்கு வயிறு உப்புசமும் வாயுவும் தோன்றுவதற்கு இதுவே காரணம். முதல் வாரத்தில் அரைப் பாக்கெட்டிலிருந்து தொடங்குவது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியம் குளுக்கோமன்னனுக்கு இரண்டு பயன்களை ஏற்றுள்ளது. ஒன்று, நாளொன்றுக்கு 4 கிராம் உட்கொண்டால் இரத்தக் கொழுப்பைச் சரியான அளவில் வைத்திருக்க உதவும். மற்றொன்று, உணவின் அளவைக் குறைத்து உண்பவர்கள் நாளொன்றுக்கு 3 கிராமை மூன்று வேளையாகப் பிரித்து, உணவுக்கு முன் தண்ணீருடன் எடுத்தால் எடை குறையத் துணைசெய்யும். 'உணவின் அளவைக் குறைத்து உண்பவர்கள்' என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். வழக்கமான மூன்று வேளைச் சோற்றுடன் இதையும் சேர்த்து உண்டால் எடை குறையாது.

இரத்தச் சர்க்கரையிலும் நூடுல்ஸின் முதன்மைப் பயன் பதிலீடுதான். கால் கிலோ சோற்றில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதில் பாதியை எடுத்துவிட்டு, பொடியாக நறுக்கிய ஷிராட்டாக்கியை மீதிச் சோற்றில் கலந்தால் 35 கிராம் மாவுச்சத்து குறைகிறது. முழுத் தட்டையும் மாற்றுவதை விட இந்தப் பாதிக் கலப்பு நாக்குக்கும் பழக்கத்துக்கும் எளிது.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

முதலாவது, தாழ்சர்க்கரை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுப்பவர்கள், வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரவில் வெறும் ஷிராட்டாக்கியை மட்டும் உண்டால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். சோறு வரும் என்ற கணக்கில் கொடுக்கப்பட்ட மருந்து அது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே சர்க்கரைக் கரைசலோ பழச்சாறோ குடிக்க வேண்டும். மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லி, மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்வது கட்டாயம்.

இரண்டாவது, தொண்டை அடைப்பு. கொன்னியாக்குக் களி வாயில் கரைவதில்லை. இந்தக் களியால் செய்த சிறு கிண்ண ஜெல்லி மிட்டாய்கள் பல நாடுகளில் குழந்தைகளின் மூச்சை அடைத்து உயிரிழப்புக்குக் காரணமாயின. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் அவற்றில் கொன்னியாக்கைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் 1980-களில் குளுக்கோமன்னன் மாத்திரைகள் உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்ததால் அங்கும் தடை வந்தது. இசப்கோல் குடிப்பவர்கள் நிறையத் தண்ணீர் குடிப்பது எதற்கோ, அதே காரணம் இதற்கும் பொருந்தும். நூடுல்ஸ் ஏற்கெனவே நீரில் ஊதியிருப்பதால் மாத்திரை அளவுக்கு ஆபத்தானதல்ல. ஆனாலும் சிறு குழந்தைகளுக்கும், பல் இல்லாத முதியவர்களுக்கும், விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும் தரக் கூடாது.

மூன்றாவது, சத்துக் குறைவு. இதில் புரதம், இரும்பு, வைட்டமின்கள் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வயலில் நாள் முழுதும் வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு ஆற்றல் குறைவு என்பது நன்மை ஆகாது. உண்பவர்கள் முட்டை, மீன், பருப்பு, கீரை ஆகியவற்றில் ஒன்றையாவது உடன் சேர்க்க வேண்டும்.

நான்காவது, மருந்து உறிஞ்சப்படுவதில் தடை. குளுக்கோமன்னன் மாவையோ மாத்திரையையோ எடுப்பவர்கள் மற்ற மருந்துகளுக்கும் அதற்கும் இடையே சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

வாங்கும்போது

பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். சில வகைகளில் சோயாவோ ஓட்ஸ் மாவோ மரவள்ளி மாவோ கலந்திருக்கும். அவற்றில் ஆற்றலும் மாவுச்சத்தும் கூடுதல். 100 கிராமுக்கு 10 கிலோகலோரிக்கு மேல் இருந்தால் கலப்பு உண்டு என்று கொள்ளலாம். 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். எந்த நூடுல்ஸும் அதைச் செய்யாது.

கட்டாயமா?

ஷிராட்டாக்கி வெளியூரிலிருந்து வரும் பொருள். ஒரு வேளைக்கு ஆகும் செலவில் ஒரு வீட்டுக்குப் பல வேளை அரிசி வாங்கிவிடலாம். கிராமத்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதும் இல்லை. இது இல்லாவிட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்த முடியாது என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

ஷிராட்டாக்கி செய்யும் வேலை தட்டில் சோற்றின் இடத்தைக் குறைப்பது. அந்த வேலையை நம் ஊர்ப் பொருள்களும் செய்யும். 100 கிராம் வெந்த காராமணியில் சுமார் 115 கிலோகலோரியும், அதனுடன் 7 முதல் 8 கிராம் புரதமும் 6 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உண்டு. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காராமணிச் சுண்டலும் கீரைக் கூட்டும் சுரைக்காயும் வைத்தால் வயிறும் நிறையும், சத்தும் சேரும். வசதியுள்ளவர்கள் வாரத்தில் ஓரிரு நாள் ஷிராட்டாக்கியைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு வழிகளிலும் முதல் படி ஒன்றே: சோறு எடுக்கும் கரண்டியின் எண்ணிக்கையைக் குறைப்பது.