பேய்க்கும் பட்ஜெட் உண்டு!

எட்டுக் கிரகங்கள் ஒரே நேர்கோட்டில் வந்தால் என்ன ஆகும்? ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானியல் ஆய்வகத்துக்கு அது படம் எடுக்க ஒரு நல்ல சந்தர்ப்பம். கோடம்பாக்கத்துக்கும் அப்படித்தான். என்ன ஒன்று, கோடம்பாக்கம் எடுக்கிற படத்தில் நடுவே பாட்டு, பேய், இடைவேளை எல்லாம் வரும்.

1985 செப்டம்பரில் வந்த ‘யார்?’ படத்தை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கலைப்புலி எஸ்.தாணு தயாரிப்பில் சக்தி - கண்ணன் இயக்கிய படம். ஜெய்சங்கர், அர்ஜுன், நளினி நடித்திருந்தார்கள். போதாததற்கு ரஜினியும் ஒரு காட்சியில் தலைகாட்டிவிட்டுப் போனார். கிரகங்கள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில் தீய சக்தியோடு ஒரு குழந்தை பிறக்கிறது என்பதுதான் கதையின் ஆணிவேர். அன்று தியேட்டரில் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தவர்கள், இன்று அதே படத்தை செல்போனில் பார்த்துவிட்டு, “இதுக்கா பயந்தோம்?” என்று சிரிக்கிறார்கள்.

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால், எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அந்தக் கிரகங்களைக் கொஞ்சம் கவனிப்போம். 1962 பிப்ரவரி முதல் வாரத்தில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுவதாகச் சொல்லி நாடே நடுங்கியது. உலகம் அழியப்போகிறது என்று ஊருக்கு ஊர் யாகம், பஜனை. அந்த எட்டுப் பேர் பட்டியலில் சூரியன் நட்சத்திரம், சந்திரன் துணைக்கோள், கேது வெறும் கணக்குப் புள்ளி. ஆக, எட்டில் மூன்று பேர் கெஸ்ட் ரோல். பிப்ரவரி 5-ம் தேதி அமாவாசையும் சூரிய கிரகணமும் சேர்ந்தே வந்தன. மறுநாள் எல்லோரும் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள். ஆனாலும் அந்தப் பயம் மனதின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு இருந்தது. 23 வருடம் கழித்து ‘யார்?’ பார்க்க வந்தவர்களில் பலர், அந்த வாரத்தில் வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து சாமி கும்பிட்டவர்களாக இருந்திருப்பார்கள். பாதிப் பயத்தை ரசிகர்களே வீட்டிலிருந்து எடுத்து வந்துவிட்டால், தயாரிப்பாளருக்கு அதைவிடப் பெரிய லாபம் எது?

‘யார்?’ வந்த நாலாவது மாதம், 1986 ஜனவரியில், காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முன்பே அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கி, வியாழனின் நிலவான கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தை 1972-ல் பிடித்தது. 1977-ல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தபோது கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. கிரகங்களை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தவர்களுக்கு அங்கே ஒரு சாத்தான்கூடத் தட்டுப்படவில்லை!

இன்னொரு வேடிக்கை. பேய்ப் படத்தில் அமாவாசை என்றால் மலையை விட்டு ஆளாளுக்கு ஓடுவார்கள். காவலூரில் அமாவாசை ராத்திரி என்றால் வேலை மும்முரமாக நடக்கும். நிலா வெளிச்சம் இல்லாவிட்டால்தான் மங்கலான நட்சத்திரங்கள் கண்ணுக்குச் சிக்கும். இருட்டு அவர்களுக்குச் சொத்து.

சின்ன பட்ஜெட் சினிமாவுக்கும் இருட்டுதான் சொத்து. வெளிச்சம் போட்டால் செட் போட வேண்டும். செட் போட்டால் செலவு. இருட்டில் நான்கு தூண், ஒரு வெள்ளைப் புடவை, சாம்பிராணிப் புகை, ஒரு பெரிய மின்விசிறி இருந்தால் ஜமீன் பங்களா ரெடி. ஆனால், ராத்திரியில் படம்பிடிக்கவும் விளக்கும் ஜெனரேட்டரும் வேண்டுமே? அதனால் பகலிலேயே எடுத்து நீலச் சாயம் பூசி ராத்திரியாக்கிவிடுவார்கள். பழைய படங்களில் நடுநிசியில் பேய் நடந்து வரும்போது தரையைக் கவனியுங்கள். கதாநாயகியின் நிழல் பளிச்சென்று காலடியில் விழுந்திருக்கும். உச்சி வெயிலில் நடுநிசி!

இந்தச் சிக்கன வித்தையில் பெரியவர் பி.விட்டலாச்சார்யா. 1978-ல் வந்த ‘ஜகன்மோகினி’யில் விறகு இல்லாத குறைக்குப் பேய் தன் காலையே அடுப்பில் வைத்து எரிக்கும். ஜெயமாலினியை மறந்தவர்கள்கூட அந்த அடுப்பை மறக்கவில்லை. அதில் கம்ப்யூட்டர் ஏது? கேமராவை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது, கறுப்புத் துணி, கண்ணுக்குத் தெரியாத நூல், இவ்வளவுதான். அவரைப் பற்றி சினிமாக்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. கதாநாயகன் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால், அடுத்த காட்சியில் முனிவர் சாபம் கொடுத்து அவரைக் கிளியாகவோ குரங்காகவோ மாற்றிவிடுவாராம். மீதிப் படம் முழுக்கக் குரங்குதான் ஹீரோ. நிஜமோ கட்டுக்கதையோ, படத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

2009-ல் நமீதாவை வைத்து அதே பெயரில் ஒரு ‘ஜகன்மோகினி’ வந்தது. கிராபிக்ஸ் எல்லாம் இருந்தது. ஆனால், இன்றைக்கும் டீக்கடையில் பேச்சு வந்தால் அந்தப் பழைய அடுப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பணம் இல்லாத இடத்தில் மூளை வேலை செய்திருந்தால், நம் சிரிப்பில் பாதி ரசனை என்று அர்த்தம்.

மோசமான படத்தைக் கொண்டாடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் எட் வுட் என்று ஓர் இயக்குநர் இருந்தார். அவருடைய படத்தில் நடிக்க வேண்டிய பெலா லுகோசி, சில துண்டுக் காட்சிகளோடு 1956-ல் இறந்துவிட்டார். மனிதர் அசரவில்லை. தன் மனைவிக்கு முதுகுவலி வைத்தியம் பார்த்தவரைக் கூட்டிவந்து, முகத்தை அங்கியால் மறைத்துக்கொள்ளச் சொல்லி மீதிப் படத்தை முடித்தார். அதுதான் ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’. 1980-ல் ஒரு புத்தகம் அதற்கு ‘எல்லாக் காலத்துக்கும் மோசமான படம்’ என்று பட்டம் கொடுக்க, உலகமே தேடிப் பார்த்தது. 1994-ல் அவர் வாழ்க்கையே படமானது. ஆனால், எட் வுட் 1978-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் இருந்த அன்பை அவர் பார்க்கவே இல்லை.

நம் ஊரில் 2007-ல் வந்த ‘யாருக்கு யாரோ’ தியேட்டரில் வந்த சுவடு தெரியாமல் போய், பிறகு யூடியூபில் மறுபிறவி எடுத்தது. சாம் ஆண்டர்சன் ஆடிய ஆட்டம் வீட்டுக்கு வீடு ஓடியது. முதலில் படத்தைத்தான் கிண்டல் செய்தார்கள். போகப் போக, கேலி படத்தை விட்டு இறங்கி ஆள் மீதே ஏறிக்கொண்டது. திரைக்கதையில் இருக்கும் ஓட்டையைக் கேலி செய்தால் இயக்குநர் அடுத்த படத்தில் அடைத்துக்கொள்வார். முகத்தையும் நிறத்தையும் கேலி செய்தால் அந்த மனிதர் என்ன செய்வார்?

அதே சமயம், கொஞ்சமும் விடாமல் கிண்டல் செய்ய வேண்டிய ஒன்றும் இருக்கிறது. காட்டுப் பேய்ப் படங்களில் மலைவாழ் மக்கள் வரும் காட்சியைப் பாருங்கள். தலையில் இறகு, இடுப்பில் இலை, வாயில் புரியாத பாஷை. இல்லாவிட்டால், “அங்கே போகாதீங்க சாமி” என்று எச்சரித்துவிட்டு அடுத்த காட்சியிலேயே சாகும் கிழவர். ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் பக்கம் போனால், சாமை விதைத்து, தேன் எடுத்து, புளியும் பலாவும் சந்தைக்கு அனுப்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் மலையாளிப் பழங்குடி மக்களைப் பார்க்கலாம். அவர்களைப் பூச்சாண்டி ஆக்குவதற்குப் பட்ஜெட் பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியாது. பல கோடி செலவழித்த படங்களும் இதே தப்பைச் செய்கின்றன. விமர்சகர்கள் பேயின் மேக்கப்பை ஒரு பிடி பிடித்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கிண்டல் தெரிந்தவர்கள் படம் எடுக்கவும் வந்தார்கள். விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’வில் ஊரில் இருக்கும் எல்லாப் படத்தையும் உரித்துத் தொங்கவிட்ட ராம்பாலா, 2016-ல் ‘தில்லுக்கு துட்டு’ எடுத்தார். ஹீரோ, அதே சபையிலிருந்து வந்த சந்தானம். பேயைப் பார்த்துப் பயப்படுவதற்குப் பதில் பேயையே வெறுப்பேற்றும் கதை. எந்த இடத்தில் ரசிகன் கொட்டாவி விடுவான் என்று வருடக்கணக்கில் பார்த்துச் சிரித்த அனுபவம் அதில் நன்றாகவே தெரிந்தது.

இதற்கிடையே விமர்சனம் என்பதே சண்டையாகிவிட்டது. முதல் காட்சி முடிந்து வெளியே வருவதற்குள் மைக்கை நீட்டும் யூடியூப் சேனல்களால் வசூல் படுத்துவிடுகிறது என்று தயாரிப்பாளர்கள் தரப்பு கொதித்தது. படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று 2024 இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். கருத்துச் சுதந்திரம் குறுக்கே நிற்கிறது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்துவிட்டது.

பெரிய படத்துக்கு அந்த மூன்று நாள் முக்கியம்தான். சின்னப் படத்தின் கஷ்டம் வேறு. அதைத் திட்டக்கூட ஆள் வருவதில்லை. வெள்ளிக்கிழமை நான்கு காட்சி, திங்கட்கிழமை போஸ்டர் மேல் அடுத்த போஸ்டர். வீட்டை அடமானம் வைத்துப் பேய்ப் படம் எடுத்தவருக்கு, “இந்தப் பேய் நைட்டியை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருக்கிறது” என்று யாராவது கிண்டலாக ஒரு வரி எழுதினால்கூட, அதைப் படித்துவிட்டு நாலு பேர் தேடிப் பார்ப்பார்கள்.

இந்தச் சண்டையையே பேய்க் கதையாக்கி 2025 மே மாதம் ஒரு படம் வந்தது. எஸ்.பிரேம் ஆனந்த் இயக்கத்தில் ‘டிடி நெக்ஸ்ட் லெவல்’. படங்களைக் கிழித்துத் தோரணம் கட்டும் விமர்சகர் சந்தானம். விமர்சகர்களைப் பழிவாங்கக் காத்திருக்கும் இயக்குநர் பேய் செல்வராகவன். பேய் தன் தியேட்டருக்கு அழைத்து, விமர்சகரையும் அவர் குடும்பத்தையும் திரைக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. இனி உயிர் பிழைக்க வேண்டுமானால், தான் கிண்டல் செய்த அதே பேய்ப் படத்துக்குள் ஓடி ஒளிய வேண்டும். விமர்சகர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனையை நீதிமன்றம்கூட யோசித்திருக்காது!

படம் எப்படி? யோசனைக்கு நல்ல மார்க் போட்ட விமர்சகர்களில் பலர், சிரிப்பு போதவில்லை என்று கறாராகவே எழுதினார்கள். அவர்களில் யாரையும் பேய் வந்து பிடித்ததாக இதுவரை தகவல் இல்லை.